ஒரு பச்சைப் புள்ளியும் இல்லை

ஸ்ஃபாக்ஸ்,
பிப்ரவரி 9

மதிப்பிற்குரிய டாக்டர் ஸுஹைர் பென்மன்சூர் அவர்களுக்கு,

என் பெயரைப் பார்த்ததும் இந்த மின்னஞ்சலை நீங்கள் அழித்துவிடக்கூடும். அதனால் கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். எனக்கு ஒரு படம் வேண்டும்.

ஏப்ரலில் மஹ்தியாவில் நம் புர்ஹான் கணினித் தேற்ற நூலகத்தின் ஆண்டுக் கூட்டம் நடக்கிறது. முதல் நாள் முதல் உரை என்னுடையது. பொருள், என் கழற்றல் தேற்றம். புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும் கொண்ட ஒரு வலையிலிருந்து புள்ளிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே போகலாம், மிச்சம் எப்போதும் அறுந்து துண்டாகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்பது அது. முடிவில்லாத வலைகளுக்கும் பொருந்தும் என்பதால்தான் முதல் உரை எனக்குக் கிடைத்தது. புர்ஹானில் கணினி ஒவ்வொரு வரியையும் சோதித்த பிறகே உள்ளே விடும் என்பதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. என் தேற்றத்தை விட்டிருக்கிறது. ஃபெஸ் நகரத்து ஆட்கள் அதன்மேல் புதிய தேற்றங்களை மாடி மாடியாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நூலகத்தில் எந்தத் தேற்றம் எந்த வரையறையின்மேல் நிற்கிறது என்று வரைந்து காட்டும் கருவி உங்களிடம்தான் இருக்கிறது. என் தேற்றத்தின் சார்புப் படத்தை அரங்கில் பெரிதாகக் காட்ட ஆசை.

பெஜாயாக் கூட்டத்தில் நடந்தது நடந்ததுதான். ஒரு புள்ளிகூட இல்லாத வெற்று வலையையும் அறுபடாத வலை, அதாவது 'கோர்வையான வலை' என்றே கொள்ள வேண்டும் என்றேன். கூடாது, வரையறையை மாற்ற வேண்டும் என்றீர்கள். வாக்கெடுப்பில் நான் ஜெயித்தேன். நீங்கள் சரிபார்ப்புக் குழுவை விட்டே போய்விட்டீர்கள். சாப்பாட்டுக் கூடத்தில் எல்லார் முன்னாலும் உங்கள் தலையும் ஒரு வெற்று வலைதான் என்று நான் சொன்னதற்கு வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்கிறார் என் கணவர் ஹாத்தம். அவர் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். யாரோடும் பகை கூடாது என்பது அவருடைய வியாபாரக் கொள்கை. நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
எம்னா ஃபுராத்தி

திலிம்சான்,
பிப்ரவரி 12

மதிப்பிற்குரிய டாக்டர் எம்னா ஃபுராத்தி அவர்களுக்கு,

படம் இணைப்பில் இருக்கிறது.

பழுப்புப் புள்ளி வரையறை. நீலம் தேற்றம். பச்சை எடுத்துக்காட்டு, அதாவது 'இதோ பார், இந்த வரையறைக்குப் பொருந்தும் ஒன்று' என்று யாரோ ஒருவர் கையில் எடுத்துக் காட்டியது. மேலே இருப்பது எதுவும் கீழே இருப்பது இல்லாமல் நிற்காது. ஏதாவது ஒரு நீலத்தைத் தொட்டு, அம்புக்குறியைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போகலாம். அப்படி இறங்குவதில் ஒரு சுகம் இருக்கிறது. இரண்டு வருடமாக எனக்கு அதுதான் வேலை, ஏனென்றால் குழுவில் வேறு வேலை இல்லை.

இங்கே பனி விழுந்து லல்லா ஸித்தி மேடே வெள்ளையாகிவிட்டது. என் மனைவி நூரியா வானொலிப் பெட்டிக்குக்கூடக் கம்பளி போர்த்தியிருக்கிறாள்.

வருத்தம் தெரிவிப்பது பற்றி நிதானமாகவே யோசியுங்கள். அவசரமில்லை.

ஒன்று மட்டும். படத்தில் ஓர் இடம் எனக்கு விசித்திரமாகப் பட்டது. என் கருவியின் பிழையாகத்தான் இருக்க வேண்டும். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

ஸுஹைர் பென்மன்சூர்

ஸ்ஃபாக்ஸ்,
பிப்ரவரி 16

டாக்டர் ஸுஹைர் அவர்களுக்கு,

நன்றி. இந்த வார்த்தையை உங்களுக்கு எழுத வேண்டியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் படம் அழகாக இருக்கிறது.

விளம்பரப் பலகை அச்சடிக்கும் கடையில் கொடுத்துச் சுவரளவுக்கு எடுத்து வந்தேன். கடைக்காரர் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "என்ன மேடம், பேய்க்கணவாயா? மீன் மார்க்கெட்டுக்குப் போர்டா?" என்று கேட்டார். எட்டுக் கால் மட்டும்தான் இருக்கும் அதற்கு, இதற்கு எத்தனை இருக்கிறது எண்ணிப் பாருங்கள் என்றேன். எண்ண ஆரம்பித்துவிட்டார். பிடுங்கிக்கொண்டு வர வேண்டியதாயிற்று.

வீட்டில் மாட்டியதும் ஹாத்தம் கொஞ்ச நேரம் பார்த்தார். "நடுவுல கீழ இருக்கிற இந்தப் பழுப்புப் புள்ளி என்ன?"

"அதுதான் நான் எழுதின வரையறை. கோர்வையான வலை."

"இத்தனையும் அது மேலயா நிக்குது? நல்ல அஸ்திவாரம்தான் போட்டிருக்கே."

எனக்குக் கொஞ்சம் உயரம் கூடினாற்போல் இருந்தது. தினமும் காபியோடு அதன் முன்னால் போய் நிற்கிறேன். பெருமைதான், மறைக்கவில்லை.

அந்த விசித்திரம் என்ன? எங்காவது ஒரு காற்புள்ளி தப்பா? சொல்லிவிடுங்கள், திருத்திவிடலாம்.

எம்னா

திலிம்சான்,
பிப்ரவரி 24

டாக்டர் எம்னா,

இந்தக் கடிதத்தை எழுதுவதும் அழிப்பதுமாக ஒரு வாரம் போயிற்று. இன்று காலை நூரியா தேநீரை மேசையில் வைத்தவள் அங்கேயே நின்றாள்.

"அந்த ஸ்ஃபாக்ஸ்காரிக்கு இன்னும் எழுதலையா?"

"எழுதினா பழிவாங்குறேன்னு நினைப்பா."

"எழுதலேன்னா?"

"மஹ்தியாவுல மேடையில நிக்கும்போது எவனாவது எழுந்து கேட்டுடுவான்."

"அப்ப நினைச்சா நினைச்சுட்டுப் போறா. எழுது."

எழுதுகிறேன்.

உங்கள் பழுப்புப் புள்ளியைச் சுற்றி எங்கும் நீலம். ஒரு பச்சைப் புள்ளியும் இல்லை. அதாவது இத்தனை பேர் இத்தனை தேற்றம் கட்டியும், 'இதோ ஒரு கோர்வையான வலை' என்று ஒன்றைக்கூட யாரும் எடுத்துக் காட்டவில்லை. என் கருவிக்குப் பச்சை தெரியவில்லையோ என்று மற்ற வரையறைகளில் பார்த்தேன். அங்கெல்லாம் பச்சை சரியாகவே வருகிறது.

சரி, நானே ஒன்று வைத்துவிடலாம் என்று மூன்று புள்ளி, மூன்று கோடு, ஒரு முக்கோணம் கொடுத்தேன். புர்ஹான் ஏற்கவில்லை. இரண்டு புள்ளியும் ஒரு கோடும் கொடுத்தேன். ஏற்கவில்லை. தனியாக ஒரே ஒரு புள்ளி. அதுவும் இல்லை.

பிறகுதான் வரையறையை எழுத்தெழுத்தாகப் படித்தேன். 'அ, ஆ என எந்த இரண்டு புள்ளிகளை எடுத்தாலும், அ-விலிருந்து ஆ-வுக்கு, குறைந்தது ஒரு கோடாவது நடந்து, எந்தப் புள்ளியையும் இருமுறை மிதிக்காமல் போக வழி வேண்டும்.' படிக்கிற மனிதன் அ வேறு, ஆ வேறு என்று தானாகவே எடுத்துக்கொள்கிறான். கணினிக்கு அந்த நாசூக்குக் கிடையாது. இரண்டும் ஒரே புள்ளியாக இருந்தாலும் வழி காட்டு என்கிறது. கிளம்பிய புள்ளிக்கே நடந்து திரும்பினால் அதை இருமுறை மிதித்ததாகிவிடும். ஆகவே ஒரே ஒரு புள்ளி இருந்தால்கூட அந்த வலை தேறாது.

தேறுவது ஒன்றே ஒன்றுதான். புள்ளியே இல்லாத வெற்று வலை.

உங்கள் தேற்றத்தில் தவறு இல்லை, எம்னா. ஆனால் அது அந்த ஒரு வலையைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது.

ஸுஹைர்

ஸ்ஃபாக்ஸ்,
அதே நாள்

பென்மன்சூர் அவர்களே,

இரண்டு வருடம் காத்திருந்து, சரியாக என் உரைக்கு முன்னால், அதே வெற்று வலையைக் கொண்டுவந்து என் தலையில் கவிழ்த்தீர்கள். பொறுமைக்கு வாழ்த்துகள்.

உங்களுக்கு முக்கோணம் வைக்கத் தெரியவில்லை என்றால் நான் வைத்துக் காட்டுகிறேன். அதுவரை எழுத வேண்டாம்.

எம்னா ஃபுராத்தி

ஸ்ஃபாக்ஸ்,
மார்ச் 4

ஸுஹைர் அவர்களுக்கு,

முக்கோணம் வைக்க முடியவில்லை. சதுரம் வைக்க முடியவில்லை. எங்கள் மதினாவின், அதாவது பழைய நகரத்தின், தெருக்களையே வலையாக்கிக் கொடுத்தேன், அதுவும் போயிற்று. நீங்கள் சொன்னது சரி. இதை எழுத எனக்கு இத்தனை நாள் ஆனது. நோன்பின் முதல் வாரம் வேறு, தலை சுற்றுவது பசியாலா இதனாலா என்று தெரியவில்லை.

நேற்று நோன்பு திறக்கும் நேரம். சூப்பை ஊற்றிவிட்டு ஹாத்தம் என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னும் அந்தப் படமா?"

"ஹாத்தம், நான் நாலு வருஷமா ஒண்ணுமில்லாததைப் பத்தித் தேற்றம் எழுதியிருக்கேன்."

"ஒண்ணுமில்லாததைப் பத்தியா?"

"ஆமா."

"அதுல தப்பு இருக்கா?"

"இல்ல. ஒரு தப்புகூட இல்ல."

மனுஷர் சிரிக்கக் கூடாது என்று படாத பாடுபட்டார். பேரீச்சம்பழக் கொட்டை தொண்டையில் சிக்கிக்கொண்டது. முதுகில் தட்டித் தட்டி எனக்கும் சிரிப்பு வந்து, பிறகு அழுகை வந்துவிட்டது.

படத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டேன். மஹ்தியா உரையை விலக்கிக்கொள்ளப் போகிறேன். ஃபெஸ்காரர்களுக்கு என்ன எழுதுவது என்றுதான் புரியவில்லை. அவர்களுடைய மாடிகளும் இதன்மேல்தானே?

பழிவாங்குகிறீர்கள் என்று நினைத்து அப்படி எழுதியதற்கு வருத்தப்படுகிறேன். தலையைப் பற்றிச் சொன்னதற்கும்.

எம்னா

திலிம்சான்,
மார்ச் 6

எம்னா,

இனி டாக்டர் வேண்டாம், அவர்கள் வேண்டாம், நீங்களும் வேண்டாம். நோன்பு வயிற்றோடு அவ்வளவு எழுத்து யார் அடிப்பது? பெஜாயாவுக்கு முன்பு இருந்தபடி நீ, நான்.

உரையை விலக்காதே. படத்தைத் திரும்ப மாட்டு. இந்த முறை எத்தனை நீலம் என்று பார்க்காதே. பழுப்புப் புள்ளிக்கு ஒட்டினாற்போல் மேலே எது எது இருக்கிறது என்று மட்டும் பார். மூன்றே மூன்று துணைத்தேற்றங்கள். உன் மற்ற தேற்றங்களும் ஃபெஸ்காரர்களின் மாடிகளும் வரையறையை நேராகத் தொடவே இல்லை. எல்லாமே அந்த மூன்று வாசல் வழியாகத்தான் இறங்கி வருகின்றன. நீ சுத்தமாக எழுதுகிறவள். அது இப்போது உன்னைக் காப்பாற்றும்.

வரையறையில் 'வெவ்வேறான' என்று ஒரு சொல் சேர்த்து, மூன்று வாசலையும் புதிதாக நிறுவிவிட்டால் போதும். மேலே ஒரு செங்கல்லையும் தொட வேண்டாம். முதல் இரண்டு வாசலை நேற்றுப் பிற்பகல் நானே நிறுவிப் பார்த்தேன். நிற்கின்றன. முக்கோணமும் உள்ளே வந்துவிட்டது. முதல் பச்சை!

மூன்றாவதுதான் இடிக்கிறது. 'ஒரு புள்ளியாவது உள்ள கோர்வையான வலையில், கழற்றினாலும் மிச்சம் கோர்வையாகவே இருக்கும்படி ஒரு புள்ளி உண்டு.' உன் கோப்பில் இதன் நிரூபணம் ஒரே வரி. கணினியே தேடிக் கண்டுபிடித்தது. எப்படி என்று பிரித்துப் பார்த்தேன். இருக்கிற அந்தப் புள்ளியையே அ என்றும் ஆ என்றும் எடுத்துக்கொண்டு, 'முரண், முரணிலிருந்து எதுவும் வரும், முடிந்தது' என்றிருக்கிறது. சோம்பேறிப் பயல்.

அந்த ஒரு வரிக்குப் பதில் நிஜமான நிரூபணம் வேண்டும். அது உன்னுடையது, நான் தொடமாட்டேன். சிக்கிக்கொண்டால் கூப்பிடு. என் எண்ணை நீ தடுத்துவைத்திருப்பதாகக் கேள்வி.

ஸுஹைர்

ஸ்ஃபாக்ஸ்,
மார்ச் 17

ஸுஹைர்,

எண்ணை விடுவித்ததும் நீ கூப்பிட்டபோது முதலில் கேட்டது உன் இருமல்தான். இஞ்சி போட்டுக் குடி. நூரியாவின் குரலை இத்தனை நாள் கழித்துக் கேட்டதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். "சண்டை போடறதுக்காவது பேசிட்டிருங்க, வீடு அமைதியா இருந்தா எனக்குத் தூக்கம் வரல" என்றாளே, அதை ஹாத்தம் கடையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார்.

இப்போது கெட்ட செய்தி. தொலைபேசியில் சொல்லத் தைரியம் வரவில்லை.

மூன்றாவது வாசலுக்குக் கரும்பலகையில் மூன்று வரி போதும். ஏதாவது ஒரு புள்ளியைப் பிடி. அதிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் புள்ளியைக் கழற்று. மற்றவை எல்லாம் அதைக் கடக்காமலே முதல் புள்ளிக்கு வந்து சேர்ந்துவிடும். அவ்வளவுதான். இதை எழுத உட்கார்ந்தேன். புர்ஹான் முதல் வரியிலேயே நின்றுகொண்டது. மிகத் தொலைவான புள்ளி என்று ஒன்று இருக்கிறது என்பதற்கு என்ன ஆதாரம் என்கிறது. இருக்காதா பின்னே என்று திட்டினேன். வலை முடிவில்லாததாக இருந்தால்?

அப்போதுதான் கை நின்றது. இரண்டு பக்கமும் முடிவே இல்லாமல் போகும் ஒற்றைச் சாலையை நினைத்துப் பார். வழிநெடுக ஊர்கள். எந்த ஊரைக் கழற்றினாலும் சாலை இரண்டாகிவிடும். கழற்றக்கூடிய புள்ளியே அதில் கிடையாது. என் தேற்றம் முடிவில்லாத வலைகளுக்குப் பொய்.

எப்படி நடந்தது தெரியுமா? காகிதத்தில் நான் முதலில் 'முடிவுள்ள வலை' என்றுதான் எழுதியிருந்தேன். புர்ஹானில் ஏற்றியதும், 'இந்த நிபந்தனை எங்கும் பயன்படவில்லை, நீக்கிவிடலாம்' என்று குறிப்பு வந்தது. நீக்கினேன். அன்று மாலை எல்லாருக்கும் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். பயன்படவில்லையாம்! ஒன்றுமே இல்லாததற்கு எந்த நிபந்தனைதான் பயன்படும்?

முதல் உரை கிடைத்ததே அந்த 'முடிவில்லாத' என்கிற சொல்லுக்காகத்தான். அது போய்விட்டது. மிச்சம் இருக்கும் தேற்றம் நல்ல தேற்றம்தான், ஆனால் அதற்கு மேளம் கொட்டமாட்டார்கள்.

எம்னா

திலிம்சான்,
மார்ச் 20

எம்னா,

அந்தச் சாலையை நூரியாவிடம் வரைந்து காட்டினேன். "பாவம் பொண்ணு" என்றாள். பிறகு, "ஆனா அவளே கண்டுபிடிச்சா பாரு" என்றாள். நானும் அதையேதான் சொல்ல நினைத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

முடிவுள்ள வலைகளுக்கு மட்டும் என்று வைத்தால் மேலே உள்ள மாடிகள் நிற்குமா என்று படத்தில் ஒவ்வொன்றாக ஏறிப் பார்த்தேன். ஃபெஸ்காரர்கள் முடிவுள்ள வலைகளை மட்டும்தான் பயன்படுத்தியிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கீறலும் இல்லை. எழுதிச் சொல்லிவிட்டேன், உன் பெயரில். கோபித்துக்கொள்ளாதே.

இன்னொன்று. சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். நூரியா விடவில்லை.

நான் உன் வரையறையில் 'வெவ்வேறான' என்று சேர்த்த அன்று, கை அரித்து, 'ஒரு புள்ளியாவது இருக்க வேண்டும்' என்ற என் பழைய ஆசையையும் சேர்த்து வைத்துக்கொண்டேன். என் பிரதியில் மட்டும். யார் பார்க்கப் போகிறார்கள் என்று. முந்தாநாள் மூன்றாவது வாசலை அதில் ஓட்டிப் பார்த்தால், ஒற்றைப் புள்ளி வலையில் போய் முட்டிக்கொண்டது. ஒரே புள்ளி. அதைக் கழற்றினால் மிஞ்சுவது வெற்று வலை. என் கணக்குப்படி அது கோர்வையானது இல்லை. ஆகவே வாசல் பொய். உன் கணக்குப்படி கோர்வையானது. வாசல் திறக்கிறது.

ஆகவே, வெற்று வலை கோர்வையானதுதான். எழுதிவிட்டேன். திருப்பிச் சொல்லச் சொல்லாதே.

ஸுஹைர்

ஸ்ஃபாக்ஸ்,
ஏப்ரல் 2

ஸுஹைர்,

உனக்கும் நூரியாவுக்கும் பெருநாள் வாழ்த்து. உன் மார்ச் 20 கடிதத்தை ஹாத்தம் சட்டம் போட்டு மாட்டலாம் என்றார். டைல்ஸிலேயே பொறித்துத் தருகிறாராம். தடுத்துவிட்டேன். இப்போதைக்கு.

மூன்றாவது வாசல் முடிந்தது! பெருநாளுக்கு முந்தின மாலை, வீடு முழுக்க உப்பு மீனும் திராட்சைச் சாறும் மணக்க, அம்மா அடுப்படியிலிருந்து, "ஷர்மூலாக் குழம்பைக் கிளற ஆள் இல்ல, இங்க ஒருத்தி பொட்டி முன்னாடி உக்காந்து சிரிச்சிட்டிருக்கா" என்று கத்த, கடைசி வரியை ஏற்றினேன். படத்தைப் புதிதாக வரைந்து பார்த்தேன். மேலே ஒன்றும் அசையவில்லை. கீழே நான்கு பச்சை வைத்தேன். முக்கோணம், சதுரம், ஒற்றைப் புள்ளி, எங்கள் மதினா.

ஆனால் மனம் நிம்மதியாக இல்லை. கூட்டத்தின் ஒருங்கிணைப்பாளர் லஸ்ஸாதிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"இப்ப எல்லாம் சரியாயிடுச்சு இல்ல?"

"ஆயிடுச்சு. முடிவில்லாத வலைங்கிறது மட்டும் போச்சு."

"அப்ப தலைப்புல அதை எடுத்துடுங்க. மத்ததைப் பத்தி எதுக்குப் பேச்சு? வெளிநாட்டுலேர்ந்தெல்லாம் வர்றாங்க. நம்ம நூலகத்துல ஒண்ணுமில்லாத தேற்றம் நாலு வருஷம் கிடந்துச்சுன்னு நாமளே போய்ச் சொல்லணுமா?"

அவர் கெட்டவர் இல்லை. நூலகத்துக்காகத்தான் பயப்படுகிறார். நானும் பயப்படுகிறேன், என்னுடையது என் மானத்துக்காக. தலைப்பில் ஒரு சொல்லை எடுத்துவிட்டு நல்ல உரையாகக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். யாரும் கேட்கமாட்டார்கள்.

நீ என்ன செய்வாய்? வருகிறாய்தானே?

எம்னா

திலிம்சான்,
ஏப்ரல் 4

எம்னா,

வர முடியாது. அதே வாரம் நூரியாவின் தங்கைக்குக் கல்யாணம். போகாவிட்டால் மஹ்தியாவிலேயே நிரந்தரமாகக் குடியேற வேண்டியதுதான்.

நான் என்ன செய்வேன் என்று கேட்காதே. நான் பெஜாயாவில் எழுந்து போனவன். நீ சாப்பாட்டுக் கூடத்தின் நடுவே நின்று கத்தியவள். எது உனக்குச் சுலபம் என்று உனக்கே தெரியும்.

கருவியை எல்லாருக்கும் திறந்துவிட்டேன். யார் வேண்டுமானாலும் தங்கள் வரையறையைப் போட்டுப் பார்க்கலாம்.

ஸுஹைர்

மஹ்தியா,
ஏப்ரல் 16

ஸுஹைர்,

உரை முடிந்துவிட்டது. கடலைப் பார்த்த ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மேடையில் ஏறினேன். பழைய படத்தைத்தான் முதலில் போட்டேன், பச்சை இல்லாததை. முன்வரிசையில் லஸ்ஸாத். "இது என்னோட தேற்றம். இது உலகத்துல ஒரே ஒரு வலையைப் பத்திப் பேசுது. அந்த வலையில ஒரு புள்ளிகூட இல்ல" என்றேன். லஸ்ஸாத் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

முழுவதையும் சொன்னேன். முக்கோணம் நுழையாதது, ஒரே வரி நிரூபணம், ஐஸ்கிரீம். ஐஸ்கிரீமில்தான் முதல் சிரிப்பு வந்தது. பின்வரிசையில் யாரோ ஆரம்பித்தார்கள், பிறகு அரங்கமே சிரித்தது. என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இல்லை அது, ஸுஹைர். 'ஐயோ, எனக்கும் நடந்திருக்கும்' என்கிற சிரிப்பு. உன் கருவியைக் காட்டினேன். உன் பெயரைச் சொன்னேன். அவ்வளவுதான், ஆளாளுக்கு மடிக்கணினியைத் திறந்துவிட்டார்கள். என்னை யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, எல்லாரும் தங்கள் தங்கள் பழுப்புப் புள்ளியைச் சுற்றிப் பச்சை தேடிக்கொண்டிருந்தார்கள்.

தேநீர் இடைவேளைக்குள் இன்னும் இரண்டு வெற்று வரையறை அகப்பட்டது. அதில் ஒன்று லஸ்ஸாதுடையது! மனுஷர் வெளிறிப்போய் என்னிடம் வந்தார். "மேடம், இதுக்கு எத்தனை வாசல் இருக்குன்னு எப்படிப் பாக்கறது?" என்றார். பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக் கொடுத்தேன். பிற்பகலில் அவரே எழுந்து, இனிமேல் எடுத்துக்காட்டு ஒன்று இல்லாமல் எந்த வரையறையும் நூலகத்துக்குள் வரக் கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தார். எதிர்ப்பே இல்லை. சரிபார்ப்புக் குழுவுக்கு உன்னைத் திரும்ப அழைக்க வேண்டும் என்றும் சொன்னார். கடிதம் வரும். ஒழுங்காகச் சம்மதி.

இப்போது முக்கியமான விஷயம். கேள்வி நேரத்தில் காபஸிலிருந்து வந்த ஒரு பெண் எழுந்தாள். ஐம்பது வயதிருக்கும், துறைமுகத்தில் பொறியாளராம், விடுமுறை போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"முடிவில்லாத வலையில அந்தச் சாலைக்குத்தானே உங்க தேற்றம் உடைஞ்சுது? ஒரு பக்கம் மட்டும் முடிவில்லாம போற சாலையா இருந்தா நுனியிலேர்ந்து கழட்டிட்டே போகலாமே. அப்ப எந்த முடிவில்லாத வலையில முடியும், எதுல முடியாது?"

நான்கு வருடம் இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை, ஏனென்றால் எல்லாவற்றுக்கும் முடியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அரங்கம் முழுக்க என்னையே பார்க்கிறது. வாயைத் திறந்தேன். "நாங்க பாத்துட்டுச் சொல்றோம்" என்று வந்துவிட்டது.

நாங்கள். உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். கல்யாண வீட்டில் இருப்பாய், தொந்தரவு செய்யவில்லை. நான் மட்டும் பார்ப்பதாக இருந்தால் இப்போதே சொல்லிவிடு, அந்த அம்மாவுக்கு எழுதித் திருத்திவிடுகிறேன்.

எம்னா

திலிம்சான்,
ஏப்ரல் 18

எம்னா,

திருத்தாதே.

மணமகள் ஊர்வலத்துக்குக் காத்திருக்கும்போது உன் கடிதம் வந்தது. மேளக்காரர்கள் வாசலில், நான் மாடிப்படியில், பாக்கு நிறக் கோட்டுப் பையில் கிடைத்த பேப்பர் கைக்குட்டையில் எழுத ஆரம்பித்தேன். ஒரு வளையம் இருந்தால் போதும், கழற்றப் புள்ளி கிடைத்துவிடும் என்று தோன்றியது. நூரியா பட்டுச் சேலைபோல் மின்னும் உடுப்போடு வந்து குனிந்து பார்த்தாள். "வளையத்துல ஒவ்வொரு புள்ளியிலும் முடிவில்லாத வால் ஒண்ணு கட்டித் தொங்கவிட்டா?" என்றாள். எதைக் கழற்றினாலும் அதனதன் வால் தனியாகப் போய்விடும். என் யோசனை அங்கேயே செத்தது. அதற்குள் மணமகள் போய்விட்டாள். நாங்கள் இருவரும் ஊர்வலத்தின் பின்னால் ஓடினோம்.

ஆகவே வளையம் போதாது. வால்களைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும். பாதி யோசனை இருக்கிறது, மீதி உன்னிடமிருந்துதான் வர வேண்டும். காபஸ் அம்மாவின் முகவரியையும் அனுப்பு, கேள்வி அவளுடையது, அவளையும் சேர்த்துக்கொள்வோம். நூரியா தன் பெயரும் வேண்டும் என்கிறாள். வால் அவளுடையதாம்.

நாளைக் காலை கூப்பிடு. நாம் ஆரம்பிக்கலாம்.

ஸுஹைர்